தைவான் தூதர் அரசியல்வாதியான கதையைத் தமிழில் எழுதுவது எப்படி

வெளிநாட்டுத் தலைவர் ஒருவரைப் பற்றி வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது பெரிய வித்தை இல்லை. பிறந்த ஊர், படிப்பு, பதவிகள், ஜெயித்த தேர்தல், தோற்ற தேர்தல், முடிந்தது. பிரான்ஸ்காரரோ பிரேசில்காரரோ என்றால் இந்த அச்சு போதும். ஆனால் தைவான்காரர், அதுவும் வெளியுறவுப் பணியைப் பார்த்துவிட்டு ஓட்டு கேட்கப் போனவர் என்றால், முதல் வரியிலேயே அச்சு உடைந்துவிடும். 'முன்னாள் தூதர்' என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள், அவர் உட்கார்ந்திருந்த அலுவலகத்துக்கோ தூதரகம் என்று பெயரே இருக்காது. 'சீனக் குடியரசின் அமைச்சர்' என்று எழுதுவீர்கள், படிக்கிறவர் பெய்ஜிங் என்று நினைத்துக்கொள்வார். தைவானின் அதிகாரபூர்வப் பெயரே சீனக் குடியரசுதான், ஆனால் பெரும்பாலான நாடுகள் சீனா என்று அங்கீகரிப்பது பெய்ஜிங்கை. சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

நான் முதன்முதலில் எழுதிய இப்படிப்பட்ட கட்டுரையில் இரண்டு வரிக்குள் மூன்று தப்பு. தைவான் தலைநகர் தைபேயில் சில காலம் இருந்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் படித்துவிட்டு, திட்டாமல், சிரித்தார். அது திட்டியதைவிட மோசம். அந்த மூன்று தப்பையும் இதில் இடையிடையே சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருந்தால் சரி.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம்: சியாவ் பி-கிம். 2020 முதல் 2023 வரை வாஷிங்டனில் தைவானின் பிரதிநிதி, 2024 மே 20 முதல் துணை அதிபர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரண்டு மூன்று பேரும் வருவார்கள்.

முதலில் பெயரைச் சரி பண்ணுங்கள்

தைவானில் குடும்பப் பெயர் முன்னால் வரும். சியாவ் என்பது குடும்பப் பெயர், பி-கிம் என்பது அவர் பெயர். ஆகவே இரண்டாவது முறை குறிப்பிடும்போது 'பி-கிம் சொன்னார்' என்று எழுதினால் அது வீட்டில் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும், 'சியாவ் சொன்னார்' என்பதே சரி. இதுவரை எளிது. இனிமேல்தான் சிக்கல். இதே பெயரை வேறொரு இடத்தில் 'சியாவ் மெய்-சின்' என்ற மாதிரி பார்ப்பீர்கள், இது வேறு யாரோ என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள், ஆள் ஒருவர்தான். எழுத்துகள் அதேதான், மாண்டரினில் படித்தால் ஒரு ஒலி, தீவில் பலரின் வீட்டு மொழியான தைவானிய ஹொக்கியெனில் படித்தால் 'பி-கிம்'. அவர் வைத்துக்கொண்டது ஹொக்கியென் ஒலியை. தைவானை நீண்ட காலம் ஆண்ட குவோமின்டாங் கட்சியின் ஆட்சியில் பள்ளிக்கூடத்தில் ஹொக்கியென் பேசினால் தண்டனை கொடுத்த காலம் இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு, அந்தப் பெயரில் ஒரு அரசியலும் இருக்கிறது என்று புரியும். ஒரே ஒரு வரி இதைப் பற்றி எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் ஒரு பத்தி எழுதாதீர்கள், அவர் வாழ்க்கை முழுக்க அந்தப் பெயருக்கு விளக்கம் அல்ல.

சிலர் பெயரையே மாற்றிக்கொள்வார்கள். 1996–97இல் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் சாங் சியாவ்-யென். 2005க்குப் பிறகு வந்த செய்திகளில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார், ஏனென்றால் அந்த ஆண்டுதான் தன் குடும்பப் பெயரை சியாங் என்று மாற்றிக்கொண்டார். அதிபர் சியாங் சிங்-குவோவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் அவர், அதுவரை தாயின் குடும்பப் பெயரில் வாழ்ந்தவர். அவர் மகன் சியாங் வான்-ஆன் 2022 டிசம்பரிலிருந்து தைபே மேயர். இந்த மாதிரி ஆளைப் பற்றி எழுதும்போது எந்த ஆண்டில் எந்தப் பெயர் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு உட்காருங்கள். அமைச்சராக இருந்த காலத்தை எழுதும்போது பழைய பெயர், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பிற்காலத்தை எழுதும்போது புதிய பெயர், நடுவில் ஒரு வரி விளக்கம்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது இன்னும் ஆபத்து. சென் சியென்-ஜென் என்று தேடினால் ஒருவர் 2000 முதல் 2004 வரை வாஷிங்டனில் பிரதிநிதியாக இருந்த வெளியுறவுக்காரர், இன்னொருவர் தொற்றுநோயியல் அறிஞராக இருந்து துணை அதிபராகவும் பிரதமராகவும் ஆனவர். சீன எழுத்தில் இரண்டும் வேறு வேறு, ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்று. வெலிங்டன் கூ என்றால் 1888இல் பிறந்த, பாரிஸ் அமைதி மாநாட்டுக் காலத்துப் பழம்பெரும் தூதர் ஒருவர், 2024 மே மாதம் பாதுகாப்பு அமைச்சரான வழக்கறிஞர் ஒருவர். நம்பகமான வழி ஒன்றுதான்: சீன எழுத்தில் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு அதை வைத்துத் தேடுவது. உங்களுக்குச் சீனம் தெரிய வேண்டியதில்லை, வடிவம் ஒன்றா என்று கண்ணால் பார்த்தால் போதும்.

அலுவலக வாசலில் என்ன எழுதியிருந்தது

இதுதான் முழு வேலையிலும் முக்கியமான இடம். ஒருவர் 'தூதர்' என்று எழுதுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த ஊரில், எந்த ஆண்டில்?

1971 அக்டோபர் 25 வரை ஐ.நா.வில் 'சீனா' என்ற நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தைபே அரசு. ஆகவே 1960களின் பழைய ஐ.நா. ஆவணத்தில் 'சீனத் தூதர்' என்று பார்த்தால், அவர் தைபேயின் ஆள். அமெரிக்கா பெய்ஜிங்கை அங்கீகரித்தது 1979 ஜனவரி 1 அன்று. அந்த நாளுக்கு முன்னால் வாஷிங்டனில் இருந்தவர் முழுத் தூதர், கடைசியாக அந்தப் பட்டத்தோடு இருந்தவர் ஜேம்ஸ் ஷென். அதற்குப் பிறகு போன யாருக்கும் அந்தப் பட்டம் இல்லை, அவர்கள் 'பிரதிநிதி'. அலுவலகத்துக்கு முதலில் வைத்த பெயர் வட அமெரிக்க விவகார ஒருங்கிணைப்புக் கவுன்சில். பாருங்கள், எந்த நாட்டின் அலுவலகம் என்றே அதில் இல்லை. 1994இல்தான் அது தைபே பொருளாதார, பண்பாட்டுப் பிரதிநிதி அலுவலகம் ஆனது. நகரத்தின் பெயர் வந்தது, நாட்டின் பெயர் இன்னும் வரவில்லை. 2021 நவம்பரில் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் திறந்த அலுவலகத்துக்கு 'தைபே' என்று வைக்காமல் 'தைவான்' என்று வைத்ததற்கே பெய்ஜிங் அந்த நாட்டோடு உறவைக் கீழ்நிலைக்கு இறக்கியது. ஒரு பலகைக்கு இவ்வளவு விலை.

அதே சமயம் எல்லா இடத்திலும் 'பிரதிநிதி' என்று போட்டுவிடாதீர்கள். வாடிகன், பராகுவே, எஸ்வாட்டினி, பலாவ் மாதிரி இடங்களில் தைவானுக்கு இன்றும் முறையான தூதரகம் உண்டு, அங்கே இருப்பவர் தூதர்தான். 2024 ஜனவரியில் நௌரு விலகிப் போனபோது இப்படி மிஞ்சியவை 12. ஒரே ஆள் ஒரு நாட்டில் தூதராகவும் அடுத்த நாட்டில் பிரதிநிதியாகவும் இருந்திருக்கலாம், வேலை ஏறக்குறைய ஒன்றேதான்.

சியாவ் விஷயத்தில் ஒரு சுவை இருக்கிறது. 2020 ஜூலையில் வாஷிங்டனில் பொறுப்பேற்றபோது அதிகாரபூர்வப் பதவி பிரதிநிதி, ஆனால் தன் ட்விட்டர் கணக்கில் தைவான் தூதர் என்றே போட்டுக்கொண்டார். இரண்டையும் எழுதுங்கள். உங்கள் வாக்கியத்தில் 'பிரதிநிதி', அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்டது 'தூதர்'. எது உண்மை என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் அவர் மூன்று வருடம் வேலை செய்தார்.

அந்த இடைவெளியைப் படிக்கிறவர் கண்ணுக்குக் காட்ட ஒரு கட்டடம் உதவும். வாஷிங்டனில் ட்வின் ஓக்ஸ் என்று ஒரு பெரிய மாளிகை, 1888இல் கட்டியது, 18 ஏக்கர் தோட்டம். 1937 முதல் சீனக் குடியரசின் தூதர்கள் அங்கேதான் குடியிருந்தார்கள். 1978 டிசம்பரில் அமெரிக்கா உறவை முறிக்கப் போகிறது என்று தெரிந்ததும், சொத்து பெய்ஜிங் கைக்குப் போய்விடக் கூடாதே என்று, ஆதரவாளர்கள் நடத்திய ஒரு சங்கத்துக்கு 10 டாலருக்கு விற்றுவிட்டார்கள். ஆமாம், பத்து டாலர். 1982இல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு அங்கே விருந்து நடக்கும், வரவேற்பு நடக்கும், ஆனால் பிரதிநிதி அங்கே குடியிருப்பதில்லை. 2015 ஜனவரி 1 அன்று அந்தத் தோட்டத்தில் கொடி ஏற்றியதற்கு அமெரிக்க அரசு வெளிப்படையாக அதிருப்தி தெரிவித்தது. தன் சொந்த வீட்டுத் தோட்டத்தில் தன் கொடி. 'அங்கீகாரம் இல்லாத ராஜதந்திரம்' என்று மூன்று பத்தி விளக்குவதைவிட இந்த ஒரு வீட்டைக் காட்டுவது மேல், என் அனுபவம் அதுதான்.

இதைச் சொன்ன பிறகு 2021 ஜனவரி 20ஐ எழுதினால் அதன் எடை தெரியும். பைடன் பதவியேற்பு விழாவுக்கு சியாவ் போனார். படிக்கிறவர் 'சரி, ஒரு விழாவுக்குப் போனார், அதனால் என்ன?' என்றுதான் கேட்பார். 1979க்குப் பிறகு தைவானின் பிரதிநிதி ஒருவருக்கு அந்த விழாக் குழுவிடமிருந்து முறைப்படி அழைப்பு வந்தது அதுவே முதல் முறை. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் பின்னால் தெரிய நின்று, ஜனநாயகம்தான் நமக்குப் பொது மொழி என்ற பொருளில் ஒரு சிறிய வீடியோ எடுத்துப் போட்டார். ஒப்பந்தம் எதிலும் கையெழுத்தில்லை, பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அங்கே நிற்பதே செய்தி. தைவான் வெளியுறவுப் பணியில் இப்படி 'எங்கே நின்றார், யார் கூப்பிட்டார், எந்தக் கதவு வழியாக உள்ளே போனார்' என்பதுதான் சாதனைப் பட்டியல், அதைத் தேடி எடுங்கள்.

தூதராகி அரசியல்வாதியானாரா, அரசியல்வாதியாகித் தூதரானாரா

'தூதராக இருந்து அரசியலுக்கு வந்தவர்' என்ற வரி எழுத வசதியானது. பல பேருக்கு அது பொய். தைவான் வெளியுறவுத் துறையில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வெளியுறவுப் பணிக்கான சிறப்புத் தேர்வு எழுதி, பயிற்சி முடித்து, மூன்றாம் செயலர் என்ற கீழ்ப்படியில் தொடங்கி ஏறி வருவது. இன்னொன்று, அதிபர் நம்புகிற ஆளை நேராகக் கொண்டுபோய் உட்கார வைப்பது. வாஷிங்டன் மாதிரிப் பெரிய இடங்களில் இரண்டாவது வகை அடிக்கடி நடக்கும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. நீங்கள் எந்த வகை என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சியாவ் முதல் வகை அல்ல. 1971 ஆகஸ்ட் 7 அன்று ஜப்பானின் கோபே நகரில் பிறந்தார். அப்பா தைவானிய பிரெஸ்பிட்டேரியன் போதகர், இறையியல் கல்லூரி ஒன்றின் தலைவராகவும் இருந்தவர். அம்மா அமெரிக்கர். தென் தைவானின் தைனானில் வளர்ந்து, பதின்ம வயதில் அமெரிக்கா போய், ஓபர்லின் கல்லூரியிலும் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் படித்தார். அப்புறம் குவோமின்டாங்குக்குப் போட்டியான ஜனநாயக முற்போக்குக் கட்சியின் அமெரிக்க அலுவலகம், கட்சியின் சர்வதேசப் பிரிவு, 2000இல் அதிபரான சென் ஷூய்-பியானுக்கு மொழிபெயர்ப்பாளர், ஆலோசகர். 2002இல் நாடாளுமன்ற உறுப்பினர். வாஷிங்டன் பதவி வந்தது 2020இல். ஆக, வரிசை தலைகீழ்: முதலில் அரசியல்வாதி, பிறகு ராஜதந்திரி, பிறகு மறுபடி அரசியல்வாதி. இடையில் அமெரிக்கக் குடியுரிமையையும் துறந்தார், தைவானில் அரசுப் பதவிக்கு வருபவர் வேறு நாட்டுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. இந்த வரியை விட்டுவிடாதீர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் அதை வைத்துத்தான் தேர்தலுக்குத் தேர்தல் கேள்வி கேட்பார்கள்.

இதற்கு நேர் எதிர் பிரெடெரிக் சியென், தைவானில் சியென் ஃபூ என்றால் தெரியும். 1935இல் பிறந்தவர், யேல் பல்கலைக்கழக முனைவர், அதிபர் சியாங் கை-ஷேக்குக்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். உறவை முறிப்பதாக அமெரிக்கா அறிவித்த 1978 டிசம்பரில் வெளியுறவுத் துணை அமைச்சர். பேச்சுவார்த்தைக்கு வந்த அமெரிக்கக் குழுவை விமான நிலையத்தில் வரவேற்க வேண்டிய வேலை அவருக்கு. வரவேற்பு என்பது பெயருக்குத்தான், கண்டனத்தை முகத்துக்கு நேரே ஆங்கிலத்தில் வாசித்தார், வெளியே கூட்டம் அமெரிக்கர்களின் கார்கள் மீது முட்டை வீசியது. அதே ஆள் 1983 முதல் 1988 வரை, நாட்டின் பெயரே இல்லாத அந்தக் கவுன்சிலின் பிரதிநிதியாக வாஷிங்டனில் இருந்தார். இந்த இரண்டு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், நீங்கள் உணர்ச்சி எதுவும் சேர்க்க வேண்டாம்.

சியென் பிறகு வெளியுறவு அமைச்சர், 1996இல் தேசியப் பேரவையின் சபாநாயகர், 1999 முதல் 2005 வரை கண்காணிப்பு யுவானின் தலைவர். என் மூன்று தப்பில் முதலாவது இங்கே நடந்தது. யுவான் என்பது அரசின் கிளை, தைவானில் அப்படி ஐந்து. ஒவ்வொன்றின் தலைவருக்கும் ஆங்கிலத்தில் நாட்டின் அதிபருக்குச் சொல்கிற அதே சொல்லைத்தான் போடுவார்கள். நான் 'கண்காணிப்பு யுவானின் அதிபர்' என்று எழுதிவிட்டேன், படித்தவர் 'இவர் எப்போது நாட்டுக்கு அதிபர் ஆனார்?' என்று கேட்டார். நிர்வாக யுவானின் தலைவர் என்றால் பிரதமர், சட்டமன்ற யுவானின் தலைவர் என்றால் சபாநாயகர், மற்றவர்களுக்குத் 'தலைவர்' போதும். தேசியப் பேரவையையும் நாடாளுமன்றத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள், அது தனி அமைப்பு, 2005இல் கலைத்துவிட்டார்கள்.

ஓட்டு கேட்ட ஊரைப் பற்றிப் படியுங்கள்

நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். வாஷிங்டன், விருந்து, விழா என்று அழகாக எழுதிவிட்டு, 'பின்னர் தேர்தலில் போட்டியிட்டு வென்றார்' என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். ஒரு வெளியுறவுக்காரர் எப்படி அரசியல்வாதி ஆனார் என்பதுதானே கதை? அது நடப்பது ஊரில், தலைநகர விருந்தில் இல்லை.

சியாவ் 2002இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது வெளிநாடுவாழ் தைவானியருக்கான இடத்தில், கட்சிப் பட்டியல் மூலம். தெருவில் இறங்கி ஓட்டு கேட்க வேண்டியதே இல்லை. 2004இல் தைபேயில் நின்று ஜெயித்தார். 2008 தேர்தலில் நாடாளுமன்ற இடங்கள் 225இலிருந்து 113ஆகக் குறைந்தன, ஒவ்வொரு கட்சிக்குள்ளும் இடத்துக்கு அடிதடி. அந்த உட்கட்சிப் போட்டியில் சொந்த முகாம்காரர்களே அவருக்குச் 'சீன' என்ற அடைமொழி போட்டுப் பட்டப்பெயர் வைத்தார்கள், சீனாவிடம் மென்மையானவர் என்று குற்றச்சாட்டு. இடம் கிடைக்கவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அப்புறம்தான் ஹுவாலியென். தீவின் கிழக்குக் கரை, ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பசிபிக் பெருங்கடல், பூர்வகுடி மக்கள் கணிசமாக வாழும் மாவட்டம், பளிங்குக் கல்லுக்குப் பேர் போனது, தாரோகோ பள்ளத்தாக்கு இருப்பதும் அங்கேதான். வடக்கேயிருந்து வரும் மலைச்சாலை மழைக்கும் நிலநடுக்கத்துக்கும் அடிக்கடி சரியும். அரசியலில் அது குவோமின்டாங்கின் கோட்டை. அங்கே 2010 பிப்ரவரியில் ஒரு இடைத்தேர்தல் வந்தது, காரணம் அத்தொகுதியின் உறுப்பினர் ஃபூ குன்-ச்சி மாவட்ட ஆட்சித் தலைவராக ஜெயித்து இடத்தைக் காலி செய்திருந்தார். சியாவ் நின்றார், தோற்றார், ஆனால் கட்சிக்கு அங்கே வழக்கமாகக் கிடைப்பதைவிட நன்றாகவே வாங்கினார். 2012இல் கட்சிப் பட்டியல் மூலம் நாடாளுமன்றம் போனவர் ஹுவாலியெனை விடவில்லை. 2016இல் அங்கேயே நின்று, 2010இல் தன்னைத் தோற்கடித்த அதே வாங் திங்-ஷெங்கைத் தோற்கடித்தார். 2020 ஜனவரியில் மறுபடி தோல்வி, இந்த முறை தோற்கடித்தவர் ஃபூ குன்-ச்சி.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2020 ஜனவரியில் தோற்றார், ஜூலையில் வாஷிங்டனில் பொறுப்பேற்றார். 'தோற்றதால் வாஷிங்டன் அனுப்பினார்கள்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். அப்போதைய அதிபர் சாய் இங்-வென் மனதில் என்ன இருந்தது என்பது உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. 'தோற்ற ஆறு மாதத்தில் வாஷிங்டனில் இருந்தார்' என்று எழுதுங்கள், படிக்கிறவர் முட்டாள் இல்லை.

அதைவிட நல்ல முடிச்சு ஒன்று அந்த ஊரிலேயே கிடக்கிறது. 2024 தொடக்கத்தில் குவோமின்டாங் தன் நாடாளுமன்றக் குழுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது அதே ஃபூ குன்-ச்சியை. மே மாதம் சியாவ் துணை அதிபரானபோது, எதிரே 113இல் 52 இடம் வைத்திருந்த கட்சியை நடத்தியவர் அவர், சியாவின் ஆளுங்கட்சிக்கு இருந்தது 51. ஹுவாலியென் பகுதியை ஒரு வரியில் தாண்டியிருந்தால் இது உங்களுக்கு அகப்பட்டிருக்காது.

இரண்டாவது உதாரணம் ஜேசன் ஹூ. 1948இல் பெய்ஜிங்கில் பிறந்து, கைக்குழந்தையாகத் தைவானுக்கு வந்தவர், ஆக்ஸ்ஃபோர்டு முனைவர், பேராசிரியர், அரசின் செய்தித் துறைத் தலைவர், 1996–97இல் வாஷிங்டன் பிரதிநிதி, 1997 முதல் 1999 வரை வெளியுறவு அமைச்சர். உலகம் சுற்றியவர் 2001இல் தைச்சுங் நகரத்துக்கு மேயராகப் போனார், 2014 வரை இருந்தார். இவரைப் பற்றி எழுதும்போது தைச்சுங்கில் பார்க்க வேண்டியது, அவருடைய வெளியுறவுப் பழக்கம் நகராட்சியில் எப்படி வெளிப்பட்டது என்பதை. குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் கிளை ஒன்றைக் கொண்டுவர முயன்றார், கட்டடக் கலைஞர் ஜாஹா ஹதித் வடிவமைப்பு வரைக்கும் போய், பணம் இல்லாமல் நின்றது. டோயோ இட்டோ வடிவமைத்த வளைந்த சுவர்களின் அரங்கம் மட்டும் கட்டி முடிந்தது. சாக்கடையும் பேருந்தும்தான் மேயர் வேலை என்று நினைப்பவர்களுக்கு இது வெறும் பகட்டு. நகரத்தின் பெயரை வெளியே நாலு பேர் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் வேலை. நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வேன், ஆனால் தைச்சுங்கில் வரி கட்டுகிறவன் நான் இல்லை.

இவர் விஷயத்தில் இன்னொரு கண்ணி: '13 ஆண்டுகள் ஒரே நகரின் மேயர்' என்று எழுதினால் பாதிதான் சரி. 2010 டிசம்பரில் தைச்சுங் நகரமும் சுற்றியிருந்த மாவட்டமும் ஒன்றாக இணைந்தன, சுமார் 10 லட்சம் பேரின் நகரம் 26 லட்சத்தைத் தாண்டியது. பெயர் ஒன்று, ஊர் வேறு. 2014இல் அவரைத் தோற்கடித்தவர் லின் சியா-லுங். அந்த லின் 2024 மே முதல் வெளியுறவு அமைச்சர். வெளியுறவு அமைச்சர் மேயரானார், மேயரைத் தோற்கடித்தவர் வெளியுறவு அமைச்சரானார். வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவனுக்கு இதைவிட அதிர்ஷ்டம் கிடைக்காது.

தேதி, பட்டம், வசை

இரண்டாவது தப்பு தேதியில். தைவான் அரசு ஆவணங்களில் ஆண்டு 1912இலிருந்து எண்ணப்படும், அதுதான் குடியரசின் முதல் ஆண்டு. 113 என்று இருந்தால் 1911ஐக் கூட்டி 2024 என்று படிக்க வேண்டும். மூன்று இலக்கம் இருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள். இரண்டு இலக்கத்தில்தான் ஆபத்து. நான் 88 என்று பார்த்து 1988 என்று எழுதினேன், அது 1999. பதினொரு வருடம் முன்னாலேயே ஒருவரைப் பதவியேற்க வைத்துவிட்டேன்.

மூன்றாவது தப்பு 'சீனா', 'சீன' என்ற சொற்களைக் கண்டபடி போட்டது. தைபேயின் அதிகாரபூர்வப் பெயர் சீனக் குடியரசு, பெய்ஜிங்கின் பெயர் சீன மக்கள் குடியரசு. தமிழில் ஒரு சொல்தான் வித்தியாசம், படிக்கிற வேகத்தில் தவறிவிடும். கட்டுரை முழுக்க 'தைவான்', 'பெய்ஜிங்' என்று வைத்துக்கொண்டு, பழைய காலத்தைச் சொல்லும்போது மட்டும் முழுப் பெயரைப் போடுவது என் வழி.

வசைச் சொற்களைக் கையாளும்போது யார் சொன்னது என்று சேர்த்தே எழுதுங்கள். 2022 ஆகஸ்டில் பெய்ஜிங் சியாவைப் 'பிடிவாதப் பிரிவினைவாதி' பட்டியலில் சேர்த்தது, 2023 ஏப்ரலில் மேலும் தடைகள் போட்டது. 'பிரிவினைவாதி என்று தடை செய்யப்பட்டவர்' என்று மொட்டையாக எழுதினால் நீங்களே அப்படிச் சொன்ன மாதிரி ஆகும். இப்போது அந்த 2008 குறிப்பை எடுங்கள்: ஒரு காலத்தில் சொந்த முகாமில் 'சீன' என்று வசை வாங்கியவரைப் பெய்ஜிங் பிரிவினைவாதி என்று தடை செய்கிறது. இரண்டு வசையையும் தேதியோடு வைத்துவிட்டு நகருங்கள்.

பாராட்டுக்கும் இதே விதிதான். பெய்ஜிங் தூதர்களின் முரட்டுத்தனமாகப் பதிலடி கொடுக்கும் 'ஓநாய் வீரர்' பாணிக்கு எதிராகத் தன்னைப் 'பூனை வீரர்' என்று சொல்லிக்கொண்டார் சியாவ், பூனை வளர்ப்பவர் வேறு. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஒரு வரி போதும். சில கட்டுரைகளில் ஹுவாலியெனுக்கு ஒரு வரியும் பூனைக்கு மூன்று பத்தியும் பார்த்திருக்கிறேன்.

முதல் பத்தியைக் கடைசியாக எழுதுங்கள்

எல்லாம் சேர்ந்த பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். நான் முதலில் எழுதியிருக்கக்கூடிய பத்தி இது: 'சீனாவுக்கான அமெரிக்கத் தூதராகப் பணியாற்றிய பி-கிம் சியாவ், பின்னர் அரசியலில் நுழைந்து துணை அதிபரானார்.' பெயர் தலைகீழ், பதவி தப்பு, யார் யாருக்குத் தூதர் என்பதும் தப்பு, வரிசையும் தப்பு.

இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்: 'சியாவ் பி-கிம் 2024 மே 20 முதல் தைவானின் துணை அதிபர். ஜனநாயக முற்போக்குக் கட்சியில் சர்வதேச விவகாரங்களைக் கவனித்து வளர்ந்தவர், நாடாளுமன்ற உறுப்பினராகத் தைபேயையும் ஹுவாலியெனையும் பிரதிநிதித்துவம் செய்தவர். 2020 ஜூலை முதல் 2023 நவம்பர் வரை வாஷிங்டனில் தைபே பொருளாதார, பண்பாட்டுப் பிரதிநிதி அலுவலகத்தின் தலைவராக இருந்தார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அதிபர் வேட்பாளர் லாய் சிங்-தேயின் துணை வேட்பாளராக நிற்பதற்காக அதிலிருந்து விலகினார். 2024 ஜனவரி 13 தேர்தலில் அவர்கள் இருவருக்கும் கிடைத்தது 40.05 சதவீத வாக்கு.'

அழகான நடை என்று சொல்லமாட்டேன். ஆனால் நண்பரிடம் காட்டினேன், இந்த முறை சிரிக்கவில்லை. அலுவலகத்தின் பெயர் ரொம்ப நீளமாக இருக்கிறதே என்று மட்டும் கேட்டார்.